60 மில்லிமீட்டர் கைப்பிடியோடு ஆறு வருடம்: பழைய பயில்வான்களின் கருவிகளைப் பயன்படுத்திய அனுபவம்

2019 ஜூலையில் கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போய், 60 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியில் ஒற்றைக் கை டம்பெல் ஒன்று கடைந்து தரச் சொன்னேன். பட்டறைக்காரர் கம்பியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க கண்ணு இத்தனை தடியா? விரலே சுத்தி வராதுங்களே" என்றார். விரல் சுற்றி வராமல் இருப்பதுதான் வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் செய்து கொடுத்தார். அந்த டம்பெல், ஒரு ஜோடி கர்லாக்கட்டை, ஒரு கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு), கொஞ்சம் கிரிப்பர்கள் (கைக்குள் அமுக்கி மூடுகிற ஸ்பிரிங் கருவி), இவ்வளவுதான் என் சாமான். ஆறு வருடத்தில் எது உழைத்தது, எது காலை வாரிவிட்டது என்று எழுதி வைக்கிறேன். பழைய கால பலசாலிகளின் முறையில் பயிற்சி செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் இந்த 60 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் 1881-ல் பிறந்த தாமஸ் இன்ச் என்ற பலசாலியிடம் ஒரு சவால் டம்பெல் இருந்தது. எடை 78 கிலோ. 78 கிலோவை ஒரு கையால் தரையிலிருந்து எடுக்கிறவர்கள் எந்த நல்ல ஜிம்மிலும் நாலு பேராவது இருப்பார்கள். ஆனால் இன்ச்சின் டம்பெல்லுக்குக் கைப்பிடி 60 மில்லிமீட்டர் தடிமன், சாதாரண ஜிம் கம்பியைப் போல இரண்டு மடங்கு. தூக்குகிறவருக்கு 200 பவுண்டு தருவதாக அறிவித்துவிட்டு அதை மேடை மேடையாகக் கொண்டுபோனார். வந்தவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள்தான், இருந்தும் டம்பெல் தரையை விட்டு அசையவில்லை.

தடிமன் மட்டும் காரணம் இல்லை, இது எனக்கே பிறகுதான் புரிந்தது. இன்ச்சின் டம்பெல்லில் இரண்டு பக்கக் குண்டும் நடுவில் உள்ள பிடியும் ஒரே வார்ப்பு. தூக்கத் தொடங்கியதும் குண்டுகள் விரல் நுனிப் பக்கமாக உருளப் பார்க்கும், பிடியும் கூடவே உருளும், கட்டைவிரல் தானாகத் திறந்துகொள்ளும். என் பட்டறைக்காரர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து இரண்டு முனையிலும் பேரிங் போட்டுக் கொடுத்திருந்தார், பிளேட்டுகள் தனியாகச் சுழலட்டும், கைக்கு நோகாமல் இருக்கட்டும் என்று. முதல் நாளே 50 கிலோ வந்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று வாரம் கழித்துத்தான் சந்தேகம் வந்து, திரும்ப எடுத்துப்போய் பேரிங்கைக் கழற்றி, பிளேட்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி மரையும் நட்டும் போட்டு வாங்கி வந்தேன். அன்றைக்கு என்னால் எடுக்க முடிந்தது 38 கிலோ. அதே கை, அதே தடிமன், உருளுவது மட்டும்தான் வித்தியாசம்! யாராவது செய்யக் கொடுப்பதாக இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பேரிங் வேண்டாம், பிளேட் ஆடக்கூடாது, கைப்பிடியில் சொரசொரப்புக் கடைசலும் வேண்டாம், வழவழப்பாகவே இருக்கட்டும். கம்பி மட்டுமே 35 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 8 கிலோ வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடித்த பிடிக்கு இன்ச் ஒருவர்தான் முன்னோடி என்றும் இல்லை. பிரான்சில் அப்போலோன் என்று மேடைப்பெயர் வைத்திருந்த லூயி யூனி, இரண்டு ரயில் சக்கரங்களை ஒரே அச்சில் கோத்ததைத் தூக்கிக் காட்டினார். மொத்தம் 166 கிலோ, அச்சு 49 மில்லிமீட்டர். அவருக்குப் பிறகு அதைத் தலைக்கு மேல் தூக்கியவர்கள் 1930-ல் சார்ல் ரிகூலோ, 1949-ல் ஜான் டேவிஸ், 1954-ல் நார்பர்ட் ஷெமான்ஸ்கி. மூன்று பேருமே ஒலிம்பிக் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதிலும் டேவிஸுக்குக் கை சிறியது, பிடி நிற்கவில்லை. ஒரு கையை மேலாகவும் மறு கையைக் கீழாகவும் பிடித்து இழுத்து, சக்கரம் மேலே வரும்போது காற்றிலேயே பிடியை மாற்றித் தோளில் வாங்கினார். உலகத்திலேயே பலசாலி என்று பேரெடுத்த ஒருவர் இப்படி வழி தேட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் பிடித்தது.

சரி, என் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு கைக்கும் ஐந்தாறு முறை, ஒவ்வொன்றாக, நடுவில் நன்றாக ஓய்வு. மற்றபடி சாதாரண உடற்பயிற்சிதான். 38 கிலோவிலிருந்து 45 வர ஏழு மாதம் ஆனது. 45-லிருந்து 55 வர இரண்டரை வருடம். இப்போது வலது கையில் 64, இடது கையில் 60.5. எடை கூட்டுவது அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான், அதற்காகவே பட்டறையில் சின்ன வட்டத் தகடுகள் வெட்டி வாங்கினேன். இந்த வேலைக்கு அவைதான் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள்.

இரண்டாவது வருடம் ஒரு தப்பு நடந்தது. ஊரடங்கு நேரம், வீட்டிலேயே இருந்ததால் தினமும் தடி டம்பெல், தினமும் கிரிப்பர் என்று ஆரம்பித்தேன். தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, பலம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஐந்தாவது வாரம் உள்முழங்கையில் ஊசி குத்துவது போல ஒரு வலி. காலையில் பல் துலக்கும்போது பிரஷைப் பிடித்தால் வலிக்கும், தோசைக் கரண்டியைத் திருப்பினால் வலிக்கும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, தசைநாண் தேறுவதற்குத் தசையைவிட ரொம்ப நாள் எடுக்கும், நீங்கள் அதற்கு நேரமே கொடுக்கவில்லை என்றார். நாலு மாதம் டம்பெல்லைத் தொடவில்லை. அந்த நாலு மாதமும் செய்தது இரண்டே விஷயம்: விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டி விரித்து விரித்து மூடுவது, அப்புறம் ஒரு வாளி மணலுக்குள் கையை விட்டு விரல்களை விரிப்பது. இன்றுவரை இரண்டையும் விடவில்லை, வலியும் திரும்பவில்லை. மூடுகிற தசைக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோமோ அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் விரிக்கிற தசைக்கும் கொஞ்சம் கொடுத்தே ஆக வேண்டும்.

கர்லாக்கட்டைதான் என் தோளைக் காப்பாற்றியது என்று தைரியமாகச் சொல்வேன். என்னுடையது கருவேல மரத்தில் கடைந்தது, ஒவ்வொன்றும் நாலரைக் கிலோ. எடை குறைவு என்று நினைக்க வேண்டாம், பாரம் முழுக்க அடியில் இருப்பதால் தலைக்குப் பின்னால் இறங்கும்போது நாலரை கிலோ எங்கேயோ போய்விடும். நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் காலம் காலமாகச் சுற்றுகிற கட்டை, இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய ராணுவத்தார் பார்த்து எடுத்துப்போய், 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தியன் கிளப் என்று உடற்பயிற்சிக் கூடங்கள் எல்லாம் நிறைந்துவிட்டது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் கட்டை ஒலிம்பிக்குக்குப் போன அதே 1904-ல்தான் பலசாலி யூஜின் சாண்டோ இந்தியச் சுற்றுப்பயணம் புறப்பட்டார், 1905 வரை ஊர் ஊராக உடம்பைக் காட்டினார். பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்த ஒருவருடைய பெயர் எங்கள் கோயம்புத்தூர்க்காரர் சின்னப்பா தேவருக்குப் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது என்றால், அந்தக் காலத்தில் அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாண்டோ பெயரைச் சொன்னதால் ஒன்று. அவர் விற்ற கருவிகளில் பிரபலமானது ஸ்பிரிங் டம்பெல். கைப்பிடி நீளவாக்கில் இரண்டு பாதியாக இருக்கும், நடுவில் ஸ்பிரிங்குகள், பயிற்சி முடியும் வரை இரண்டையும் அமுக்கியே பிடித்திருக்க வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் காலப் பலசாலிகள் தபாலில் விற்ற பாடங்களில் லேசான டம்பெல்தான் இருந்தது, அவர்கள் தங்கள் உடம்பை வளர்த்தது கனமான இரும்பில். இந்த இடைவெளியைத் தெரிந்துகொள்ளாமல் பழைய பாடங்களை அப்படியே பின்பற்றினால் பலம் வராது. 1902-ல் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் மைலோ பார்பெல் கம்பெனியை ஆரம்பித்து, எடையைக் கூட்டிக் குறைக்கிற பார்பெல்லைச் சாதாரண ஆட்களும் வாங்கும்படி விற்றதை நான் பெரிய விஷயமாக நினைப்பது அதனால்தான். வீட்டில் இருப்பவனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏற்ற முடியும் என்றானது அப்போதுதான்.

அடுத்து பென்ட் பிரஸ். எல்லோரும் ஆபத்து என்று சொல்கிற தூக்கு இது, நான் 12 கிலோவில் ஆரம்பித்ததால் பிழைத்தேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆர்தர் சாக்சன் 1905-ல் ஒரு கையால் 168 கிலோவை இப்படி ஏற்றினார், அவருடைய உடம்பு எடையோ நூறு கிலோவுக்கும் குறைவு. தள்ளித் தூக்குவது என்று நினைத்தால் இந்தக் கணக்கே உதைக்கும். இதில் தள்ளவே கூடாது. எடை தோளில் நிற்கும், முழங்கை இடுப்பெலும்புப் பக்கமாக ஊன்றியிருக்கும், நீங்கள் மறுபக்கம் சாய்ந்து சாய்ந்து எடைக்கு அடியில் நழுவிப் போக வேண்டும். எடை இருந்த இடத்திலேயே இருக்க, கை தானாக நிமிர்ந்திருக்கும். பிறகு எழுந்து நிற்பதுதான். கண் முழுநேரமும் எடையின் மேலே. எனக்கு இது உடம்பில் பிடிபட எட்டு மாதம் ஆனது. இப்போது 36 கிலோ கெட்டில்பெல்லோடு செய்கிறேன், அதற்கு மேல் போகும் எண்ணம் இல்லை. தினமும் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற எனக்கு, இடுப்பிலும் முதுகிலும் இருந்த இறுக்கம் விட்டது இதனால்தான். ஆனால் தோளை முழுதாக மேலே நிமிர்த்த முடியாதவர்கள் முதலில் ஒரு வருடம் கர்லா சுற்றிவிட்டு வாருங்கள், அவசரப்பட வேண்டாம்.

கிரிப்பர்களில் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் என்ற பிராண்டுதான் என் பரிந்துரை. மூடுவதற்கு வேண்டிய பலத்தை வைத்து எண் போட்டிருப்பார்கள்: முதல் எண் 140 பவுண்டு, இரண்டாவது 195, மூன்றாவது 280, நாலாவது 365. ஒன்றாம் எண்ணை மூட ஏழு மாதம், இரண்டாம் எண்ணுக்கு மூன்று வருடம் ஆனது. மூன்றை மூட நான் இன்னும் வெகு தூரம் போக வேண்டும். கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பிடி கிரிப்பர்களை வாங்கவே வேண்டாம், ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். ஆணி வளைப்பதும் கொஞ்ச நாள் செய்தேன், ஆறு அங்குல ஆணியைத் துணி சுற்றி வளைப்பேன். பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும், மணிக்கட்டுக்கு நல்லதில்லை. விட்டுவிட்டேன்.

இவ்வளவு கருவியும் நிஜத்தில் எதற்குப் பயன்பட்டது என்றால், போன வருடப் பொங்கலைச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஊர் வள்ளியூர் பக்கம். அங்கே கோயில் திடலில் இளவட்டக்கல் கிடக்கிறது, மாப்பிள்ளை ஆகப்போகிறவன் தூக்கிக் காட்ட வேண்டும் என்று முன்பு வழக்கமாக இருந்த கல். சிறு வயதில் அதன் மேல் உட்கார்ந்து விளையாடியதோடு சரி. நல்ல உருண்டை, பல தலைமுறைக் கைகள் பட்டு ஆற்றங்கல் போல வழவழத்துப் போயிருக்கும், விரல் மாட்ட ஒரு மடிப்புக்கூடக் கிடையாது. நான் கீழே குனிந்து இரண்டு பக்கமும் கையை விரித்து இழுத்தேன், ஒரு சாண் எழும்பி வழுக்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மாமா, "மருமவனே, கையால தூக்காதய்யா. மொதல்ல மடியில ஏத்து, பொறவு நெஞ்சோட அணைச்சிக்கோ" என்றார். அவருக்கு 67 வயது, இளவயதில் அதே கல்லைத் தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் போட்டவர். அவர் சொன்னபடி விரல்களைக் கல்லுக்கு அடியில் கோக்காமல் உள்ளங்கையும் முன்கையும் சேர்த்து அமுக்கி, தொடையில் ஏற்றி உட்கார்ந்து, மூச்சு விட்டு, நெஞ்சில் அணைத்து எழுந்தேன். தோளுக்கு வந்தது. தோளில் வைத்தபடி மூன்று எட்டு நடந்து பின்னால் போட்டேன்.

விரல் மூடாத ஒரு பொருளை அமுக்கிப் பிடிப்பது எனக்கு அந்த நிமிடம் புதிதாகவே தெரியவில்லை. ஐந்து வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பட்டறைக் கம்பியும் ஊர்க்கல்லும் கேட்டது ஒரே பிடியைத்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். முதலில் ஒரு ஜோடி கர்லாக்கட்டை, இரண்டு கிலோ போதும், கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் ரொம்ப நல்லது. ஆறு மாதம் கழித்துத் தடித்த கைப்பிடி. என் டம்பெல்லுக்குக் கம்பி, கடைசல், நட்டு எல்லாம் சேர்த்து 2019-ல் 3,200 ரூபாய் ஆனது, பேரிங் போட்டுக் கழற்றிய செலவு தனி. கை சின்னதாக இருந்தால் 50 மில்லிமீட்டரில் தொடங்கலாம், தப்பில்லை. மழைக்காலத்தில் கம்பி துருப்பிடிக்கும், தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு, தூக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், பிசுக்கு இருந்தால் டம்பெல் காலில்தான் விழும். இன்ச்சின் 78-க்கு எனக்கு இன்னும் 14 கிலோ பாக்கி. சின்னத் தகடுகள் இரண்டு மேசை மேல் தயாராக இருக்கின்றன, வியாழக்கிழமை 64.5 போட்டுப் பார்க்கப் போகிறேன்.