இம்ப்ளாண்ட் பல் நல்ல பல்தான், மெல்லுவது மறுபக்கம்

போன வாரம், இம்ப்ளாண்ட்டில் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பூட்டிய என் பல்வரிசையின் ஸ்க்ரூ ஒன்று லூசாகி, போய் முடுக்கிக்கொண்டு வந்தேன். அதே சமயம், வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடை அறுவைசிகிச்சைக்குக் காத்திருக்கும் நண்பர் ஒருவர், "இம்ப்ளாண்ட் வைத்தால் பழையபடி மெல்லலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடும் கொஞ்சம் தோலோடும் கொண்டுவந்து வைத்தார்கள். 1989-இல் டேவிட் ஹிடால்கோ என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் தாடைக்கு இதைச் செய்து காட்டியதிலிருந்து பரவலான முறை. எலும்பு சேர்ந்த பிறகு அதில் இம்ப்ளாண்ட். அதன்மேல் ஸ்க்ரூவால் பிடித்த பல்வரிசை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பல் அசையாது. கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு உட்கார ஒரு மேடு வேண்டும். ஒட்டவைத்த வழவழப்பான தோலில் அது சறுக்கிக்கொண்டே இருக்கும். எலும்பே வைக்காமல் விட்டால் மிச்சத் தாடை வெட்டிய பக்கமாக இழுத்துக்கொண்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காமலே போகலாம். அந்த இரண்டு தொல்லையும் எனக்கு இல்லை. உதடு உள்ளே விழவில்லை, பேச்சும் தெளிவு. ஸ்க்ரூ லூசாவதைக்கூட நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஃபிபுலா சொந்தத் தாடையைவிட உயரம் குறைவு. அந்தப் பள்ளத்தை ஈடுகட்டப் பல்லை உயரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. உயரமான பல்லில் கடிக்கும் விசை ஸ்க்ரூவைத்தான் ஆட்டும்.

என் எரிச்சல் கன்னத்தோடு.

நாம் மெல்லும்போது பல் அரைக்க மட்டும்தான் செய்கிறது. ஒவ்வொரு கடிக்கும் உணவை மறுபடி பல்மேல் தள்ளுவது உள்பக்கம் நாக்கு, வெளிப்பக்கம் கன்னம். என் கன்னத்தின் உள்பக்கம் இருப்பது கால் தோல். அதற்கு உணர்வும் இல்லை, ஈரமும் இல்லை. தாடைக்குள் ஓடும் நரம்பும் எலும்போடு போய்விட்டதால் கீழுதடும் மரத்துவிட்டது. விளைவு, ஒரு கடி கடித்ததும் உணவு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது, உட்கார்ந்தது எனக்குத் தெரிவதும் இல்லை. நாலு பேர் நடுவே சாப்பிட்டு முடித்து, கண்ணாடி முன்னால் போய் விரல் விட்டு எடுக்க வேண்டும். ரேடியேஷனால் உமிழ்நீர் குறைந்தவர்களுக்கு இது இன்னும் மோசம். இத்தனை பாடுபட்டு வைத்த பக்கத்தில் நான் மெல்லுவதே இல்லை. எல்லாம் மறுபக்கம்தான்!

இரண்டு நிறச் சூயிங்கம்மைக் குறிப்பிட்ட தடவை மெல்லச் சொல்லி, நிறம் எவ்வளவு கலந்தது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் எனக்கு நல்ல பெயர்தான். கன்னத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை.

மற்றவை சில்லறை. இம்ப்ளாண்ட்டைச் சுற்றி அந்தத் தோல் தடித்து வீங்கும். சின்ன பிரஷ்ஷும் தண்ணீர் பீய்ச்சும் கருவியும் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. வாய் திறக்கும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது, 35 மில்லிமீட்டருக்குக் கீழே திறப்பு போனால் வாய் இறுக்கம் என்றே கணக்கு.

நண்பர் அறுவைசிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று: பல் எங்கே வர வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ப எலும்பை வைக்கத் திட்டமிடுகிறார்களா? எலும்பு தள்ளி அமைந்துவிட்டால் அப்புறம் எந்தப் பல்லும் சரியாக உட்காராது.

திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுத்தால் நான் வைத்துக்கொள்வேனா? ஸ்க்ரூ லூசாகிப் பல்லைக் கழற்றி வைத்திருந்தபோது எப்போது திரும்ப வரும் என்று தவித்தவன் நான்தான். ஆனாலும் இன்றைய எரிச்சலில் இல்லை என்றுதான் வாயில் வருகிறது. நண்பரிடம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கூடவே, பல் டாக்டரைத் தேடும்போதே நாக்குக்குப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரையும் தேடச் சொல்லியிருக்கிறேன்.