விலங்குச் சதுரங்கம்: ஆட்டம் அருமை, அட்டை சுமார்

பினாங்கு ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா சந்தைப் பக்கத்துச் சில்லறைக் கடைகளில், சீனச் சதுரங்கப் பெட்டிகளுக்கு அடியில் தேடினால் இது கிடைக்கும். சீனர்கள் 'டோ ஷோ ச்சி' என்பார்கள். மலிவுப் பெட்டிக்குள் மடித்த காகிதப் பலகை, இரண்டு நிறத்தில் எட்டெட்டாக 16 பிளாஸ்டிக் காய்கள், சீனத்தில் மட்டும் அச்சடித்த விதித்தாள்.

காயில் படம் இருப்பதால் சீனம் தெரியாத பிள்ளையும் ஆடலாம். ஆனால் நாயும் ஓநாயும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வாங்கியதும் மார்க்கரால் எண் எழுதிவிடுங்கள்: யானை 8, சிங்கம் 7, புலி 6, சிறுத்தை 5, ஓநாய் 4, நாய் 3, பூனை 2, எலி 1. பெரியது சின்னதை வெட்டும், சமமானதையும் வெட்டலாம். சின்னவற்றில் எலிக்கு மட்டும் யானையை வெட்டும் உரிமை உண்டு. யானை எலியை வெட்டலாமா என்பதில் வீட்டுக்கு வீடு விதி மாறும். ஆரம்பிக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கூடாது என்று வைத்தால் ஆட்டம் சூடாக இருக்கும்.

பலகை 7க்கு 9 கட்டம். அடுக்கும் முறை, உங்கள் பக்கத்திலிருந்து: கடைசி வரிசையில் இடது மூலை புலி, வலது மூலை சிங்கம். அடுத்த வரிசையில் புலிக்கு மூலைவாக்கில் பூனை, சிங்கத்துக்கு மூலைவாக்கில் நாய். மூன்றாம் வரிசையில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம், இடமிருந்து யானை, ஓநாய், சிறுத்தை, எலி. நகர்வது ஒரு கட்டம்தான், மூலைவாக்கில் போகக் கூடாது. கடைசி வரிசை நடுக்கட்டம்தான் குகை; எதிராளியின் குகைக்குள் முதலில் நுழைபவர் ஜெயித்தார். குகையைச் சுற்றி மூன்று பொறிகள்; அங்கே காலை வைத்த எதிரி யானையைப் பூனைகூட வெட்டலாம்.

பிள்ளைகள் தடுமாறுவது பலகை நடுவில் இருக்கும் ஆற்றில்தான். எலி மட்டுமே தண்ணீரில் இறங்கும். சிங்கமும் புலியும் ஆற்றை நேராகத் தாண்டும், ஆனால் தாண்டும் வழியில் எலி நீந்திக்கொண்டிருந்தால் பாய முடியாது, அது சொந்த எலியாக இருந்தாலும் சரி. தண்ணீரிலிருந்து கரையேறும் அதே நகர்வில் எலி யானையை வெட்டவும் கூடாது. அவசரப்பட்டு எலியைப் பறிகொடுத்தால் எதிராளியின் சிங்கம் புலிக்கு ஆறு திறந்த வாசல். அவன் யானையை எதிர்க்க உங்கள் யானை ஒன்றுதான் மிச்சம்.

குறை பலகையில்தான். மடிப்புத் தூக்கிக்கொண்டு நிற்கும், காய்கள் சரியும், காற்றாடி வேகமாகச் சுற்றினால் பலகையே நகரும். பழைய மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி அதில் ஒட்டுங்கள். தண்ணிப் பசை காகிதத்தைச் சுருக்கிவிடும். குச்சிப் பசையோ இருபக்க டேப்போ போதும். காயில் படம் ஸ்டிக்கராக இருந்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் ஓரம் கிளம்பும். கடையிலேயே நகத்தால் சுரண்டிப் பாருங்கள். 16 காயையும் எண்ணுங்கள். எலி தொலைந்த பெட்டியை வைத்து ஆட முடியாது.

பெட்டியில் 4க்கு 4 கட்டம் போட்டிருந்தால் அது காயைக் கவிழ்த்து வைத்துத் திருப்பி ஆடும் வேறு ஆட்டம். ஆறும் குகையும் அதில் இல்லை.