நோயுள்ள நாய்க்கு இன்சூரன்ஸ்: முழுப் பாலிசியா, விபத்துப் பாலிசியா, சொந்தச் சேமிப்பா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வாசலில் நாய் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கும் யோசனை பெரும்பாலும் நோய் வந்த பிறகுதான் வருகிறது. காதில் சீழ் பிடிக்கிறது, அல்லது பின்னங்கால் நொண்டுகிறது. கால்நடை மருத்துவரின் பில்லைக் கையில் வாங்கிய அன்று இரவே பாலிசி தேட உட்கார்ந்துவிடுகிறோம். டாட்ஷ்யூர், ஒன்பிளான், மெடிபெட், பெட்ஷ்யூர் என்று தென்னாப்பிரிக்காவில் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் கேள்வி எந்த நிறுவனம் மலிவு என்பதல்ல. ஏற்கெனவே நோயுள்ள ஒரு பிராணிக்கு எந்த வகை ஏற்பாடு பலன் தரும் என்பதுதான்.

மனிதர்களின் மருத்துவச் செலவைக் கவனிக்கும் மெடிக்கல் எய்ட் திட்டங்களைப் பார்த்துப் பழகிய பழக்கம் இங்கே நம்மை ஏமாற்றிவிடும். 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் திட்டம் எதுவும் ஒருவர் நோயாளி என்பதற்காக அவரைச் சேர்க்க மறுக்க முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 12 மாதம் காத்திருக்க வைக்கலாம், அவ்வளவுதான். அப்பாவின் சர்க்கரை நோய்க்கும் அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கும் இந்தச் சட்டம் துணை நின்றதால், நாய்க்கும் ஒரு வருடம் பொறுத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். நாய்க்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் உடைமை. அதன் இன்சூரன்ஸ், காருக்கும் வீட்டுக்கும் எடுக்கும் பொதுக் காப்பீட்டு வகையைச் சேர்ந்தது. ஒழுகிக்கொண்டிருக்கும் கீசருக்குப் புதுப் பாலிசி எடுத்துவிட்டு அந்த ஒழுகலுக்கே பணம் கேட்டால் என்ன பதில் வருமோ, அதேதான் இங்கும் வரும்.

ஆகவே ஒன்றை முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிடலாம். இருக்கும் நோய்க்கான செலவு, எந்தப் பாலிசி எடுத்தாலும், ஏறக்குறைய நிச்சயமாக நம் தலையில்தான். பிரீமியம் கட்டி வாங்குவது, இனிமேல் வரக்கூடிய மற்ற கஷ்டங்களுக்கான பாதுகாப்பை மட்டுமே. அந்த ‘மற்றவை’யில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் பாலிசிகளை எடைபோட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்றால் மருத்துவர் பெயர் சொல்லிக் கண்டுபிடித்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசி வாசகம் அதைவிட அகலமானது. பாலிசி தொடங்கும் முன்போ, காத்திருப்புக் காலத்துக்குள்ளோ அறிகுறி தென்பட்ட எதுவும் அதில் அடங்கிவிடும். பெயர் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் நாய்க்கு முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை நடந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “நான் எதையும் மறைக்கவில்லையே தம்பி. காலில் கோளாறு என்று டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை” என்றார். “உங்களிடம் சொல்லவில்லை பெரியம்மா, ஏட்டில் எழுதியிருக்கிறார்” என்று சொல்ல வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் குறிப்பில், தடுப்பூசி போட்ட தேதிக்கும் எடைக்கும் நடுவில் ஒரே ஒரு வரி: பின் இடது கால் லேசான விறைப்பு, கவனிக்கவும். பாலிசி எடுத்தது அதற்குப் பிறகு. இன்சூரன்ஸ் நிறுவனம் பாலிசி விற்கும்போது அந்த ஏட்டைக் கேட்கவில்லை. முதல் பெரிய கிளெய்ம் வந்ததும் குட்டியாக இருந்த நாள் முதல் உள்ள முழு வரலாற்றையும் மருத்துவரிடம் வரவழைத்துப் படித்துவிட்டது. இது வழக்கமான நடைமுறைதான். இடது கால் போனதோடு முடியவில்லை. இரண்டு பக்கமும் உள்ள உறுப்புகளுக்கு ஒரு பக்கம் வந்த நோயை மறுபக்கத்துக்கும் பொருத்தும் ஷரத்து பல பாலிசிகளில் உண்டு. அதனால் வலது காலுக்கும் இனிக் கிடைக்காது.

முழுப் பாலிசி

விபத்து, நோய் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இது. விளம்பரத்தில் முன்னால் நிற்பதும் இதுதான். பொதுவாக விபத்துக்குக் காத்திருப்பு மிகக் குறைவு, நோய்க்குச் சில வாரங்கள், முழங்கால், இடுப்பு மூட்டு போன்றவற்றுக்கு மாதக்கணக்கு. சேர்க்கும் வயதுக்கும் உச்சவரம்பு இருக்கும். ஒவ்வொரு கிளெய்மிலும் எக்செஸ் எனப்படும் நம் பங்குத் தொகையை நாம் கட்ட வேண்டும். ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்ற உள்வரம்பும் இருக்கலாம்.

இது பலன் தருமா என்பது, நாய்க்கு இருக்கும் நோய் உடம்பில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று வயது ஆஃப்ரிகானிஸ் நாய் ஒன்றுக்கு ஒரு முறை பிலியரி வந்து குணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்ணி பரப்பும் பபேசியா கிருமியால் வரும் இந்த நோய் நேட்டால் கரையோரத்து ஈரத்தில் சர்வசாதாரணம். குணமான தொற்று என்பதால் விலக்கு, அதாவது பணம் தர மாட்டோம் என்று பாலிசி ஒதுக்கிவைக்கும் பகுதி, குறுகியதாகவே இருக்கும். சில நிறுவனங்கள் விலக்கே போடாமலும் விடலாம், ஆனால் உண்ணி மருந்து தவறாமல் போட்டதற்கு ஆதாரம் கேட்பதுண்டு. அந்த நாய்க்கு இன்னும் பத்து வருட வாழ்க்கை இருக்கிறது, புற்றுநோய், வயிறு, இதயம் எல்லாம் பாலிசிக்குள்ளேயே இருக்கின்றன. தாராளமாக முழுப் பாலிசி எடுக்கலாம்.

சர்க்கரை நோய் வந்த ஒன்பது வயது நாயின் கதை வேறு. கண்புரை சர்க்கரையால் வந்தது, சிறுநீர்த் தொற்று சர்க்கரையால் வந்தது, கணைய அழற்சிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று ஒவ்வொன்றாக விலக்குக்குள் இழுக்கப்படும். தோல் ஒவ்வாமையும் இப்படித்தான். தோல் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டால் காதும் பாதமும் அதோடு போய்விடும். பூனைக்குச் சிறுநீரகம் கெட்டால் ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் சேர்ந்து போகும். இப்படிப்பட்ட பிராணிக்கு முழுப் பாலிசி எடுப்பது, முழுப் பாலிசியின் விலை கொடுத்து விபத்துப் பாலிசியை வாங்குவதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விபத்துப் பாலிசி

இதைப் பலரும் ஏழையின் பாலிசி என்று ஒதுக்குகிறார்கள். நோயுள்ள நாய்க்கு இதுதான் பெரும்பாலும் பொருத்தம் என்பது என் கருத்து. பிரீமியம் குறைவு, நோய் வரலாறு பெரிய தடையாவதில்லை, நம் ஊரில் விபத்துகளுக்கும் பஞ்சமில்லை. தீபாவளியும் நவம்பர் 5ஆம் தேதி கை ஃபாக்ஸ் இரவும் நெருங்கி வரும் வாரங்களில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு சுவர் தாண்டி ஓடிக் காரில் அடிபடும் நாய்கள் எத்தனை. ‘டூ ஸ்டெப்’ என்று தெருவில் விற்கும் அல்டிகார்ப் விஷத்தை இறைச்சியில் தடவி வீசிவிட்டு வீடு புகும் திருடர்கள் இருக்கிறார்கள். டர்பனின் பசும்பள்ளங்களை ஒட்டிய வீடுகளுக்குக் கருப்பு மாம்பாவும் மொசாம்பிக் துப்பும் நாகமும் வருவது புதிதல்ல. விஷமுறிவு மருந்துக் குப்பி ஒவ்வொன்றும் விலை உயர்ந்தது, ஒன்றோடு முடிவதும் இல்லை.

ஆனால் விபத்து என்பதன் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிராய் எனப்படும் இறைச்சி சுடும் விருந்து முடிந்து எறிந்த சோளத் தக்கையை விழுங்கிக் குடல் அடைத்தால், ஒரு நிறுவனம் விபத்து என்கிறது, இன்னொன்று நோய் என்கிறது. வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது உயிர் போகும் அவசரம்தான், ஆனாலும் அது விபத்தாக எண்ணப்படாமல் போகலாம். வலிப்பு நோயுள்ள நாய் நீச்சல் குளத்தில் விழுந்தால், விழுந்தது விபத்தா வலிப்பா என்ற வாதம் எழும். கண்புரையால் பார்வை மங்கிய நாய் சாலையில் அடிபட்டாலும் அதே வாதம்தான்.

சொந்தச் சேமிப்பு

கணக்குக்காக மட்டும் சில எண்கள். முழுப் பாலிசி மாதம் 400 ராண்ட், விபத்துப் பாலிசி 120 ராண்ட் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 280. ஐந்து வருடத்தில் வட்டி இல்லாமலே 16,800 ராண்ட் சேர்ந்துவிடும். இந்தப் பணம் விலக்கு, ஷரத்து எதுவும் பேசாது. இருக்கும் நோய்க்கே செலவாகும். நாய்க்கு ஒன்றும் வராவிட்டால் நம்மிடமே இருக்கும். பிரீமியமாகக் கட்டிய பணம் திரும்பாது.

இதன் பலவீனமும் வெளிப்படை. மூன்றாவது மாதமே அறுவை சிகிச்சை வந்தால் கையில் 840 ராண்ட்தான் இருக்கும், சேர்ப்பதற்கே முன்பணம் கேட்கும் மருத்துவமனைகள் அதற்கு மசியாது. அதனால்தான் சேமிப்பைத் தனியாக நம்பாமல் விபத்துப் பாலிசியோடு சேர்க்கச் சொல்கிறேன். வங்கிகளின் 32 நாள் நோட்டீஸ் கணக்கில் வட்டி கூடுதல் என்று மொத்தத்தையும் அதில் போடவும் வேண்டாம். நள்ளிரவில் வாந்தி எடுக்கும் நாய் 32 நாள் பொறுக்காது. ஒரு பகுதியை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைத்துவிட்டு மீதியை அங்கே போடலாம்.

செலவைக் குறைக்க மனிதர்களின் இன்சுலினை மருந்துக் கடையில் வாங்குபவர்களைப் பார்க்கிறேன். மருத்துவர் சொன்னால் செய்யலாம். கால்நடைகளுக்கான கேனின்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், மனித இன்சுலின் வழக்கமாக 100. பழைய சிரிஞ்சாலேயே அளந்து போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும்.

தடுப்பூசி, பல் சுத்தம் செய்வது, பூச்சி மருந்து ஆகியவற்றுக்காகச் சேர்த்து விற்கும் வழக்கமான பராமரிப்புத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் பணத்தையே மாதாமாதம் வாங்கித் திருப்பித் தருகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். குவாசுலு-நேட்டாலில் அரசு கால்நடைத் துறை அதை முகாம்களில் இலவசமாகவே போடுகிறது. எஸ்பிசிஏ போன்ற பிராணி நல அமைப்புகளின் சலுகைச் சிகிச்சை வருமானம் குறைந்தவர்களுக்கானது. அந்த நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் போகலாம். பிரீமியம் கட்ட வசதி உள்ளவர்கள் அதைத் தங்கள் திட்டத்தின் ஒரு பகுதியாக எண்ணக் கூடாது.

ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இப்போதைய நிறுவனத்தில் இருக்கும்போது வந்த நோய் அங்கே பாதுகாப்புக்குள் இருக்கிறது. 50 ராண்ட் மிச்சம் என்று வேறு நிறுவனத்துக்கு மாறினால், அதே நோய் அங்கே ‘ஏற்கெனவே உள்ளது’ ஆகிவிடும். பிரீமியம் ஏறினாலும், நாய்க்கு நாள்பட்ட நோய் வந்த பின் மாறுவது பெரும்பாலும் நஷ்டம்.

நோயை மறைத்து எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மருத்துவக் குறிப்பு எப்படியும் வெளிவரும் என்பதால் அதில் பயனில்லை. மறுபக்கம், 1998ஆம் ஆண்டின் குறுகியகாலக் காப்பீட்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு நமக்கும் துணை. சொல்லாமல் விட்ட தகவல், அபாயத்தை மதிப்பிட முக்கியமானது என்று நியாயமான, விவேகமுள்ள ஒருவர் கருதக்கூடியதாக இருக்க வேண்டும். அற்பமான ஒன்றைக் காட்டி பாலிசியையே ரத்து செய்ய முடியாது. கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து முறையிட நமக்குக் குறைந்தது 90 நாள் உண்டு. அதிலும் சரிவராவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட் அமைப்பிடம் போகலாம். பழைய குறுகியகாலக் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகமும் வேறு சிலவும் இணைந்து 2024 மார்ச் 1 முதல் இயங்குவது இது, கட்டணம் கிடையாது. பெரியம்மாவின் கடிதத்தோடு மருத்துவரின் விளக்கம் ஒன்றையும் வைத்து அனுப்பியிருக்கிறோம், அந்த விறைப்பு தசைநாரால் வந்ததல்ல, அன்று முள் குத்தியதால் வந்தது என்று அவர் எழுதித் தந்திருக்கிறார்.

புதிதாக எடுப்பவர் இந்த அலைச்சலைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பாலிசி தொடங்கும் முன்பே மருத்துவரிடமிருந்து முழு வரலாற்றை வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பி, எவை எவை விலக்கு என்று நாயின் பெயர் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வருடம் அறிகுறி இல்லாமல் இருந்தால் எந்த விலக்கை மறுபரிசீலனை செய்வார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். சில நிறுவனங்கள் செய்கின்றன, கேட்டவருக்கு மட்டும். விற்பனையாளர் தொலைபேசியில் சொல்வதை ஏற்க வேண்டாம். கடிதம் கைக்கு வந்த பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியத்தை மாதாமாதம் எடுக்க அனுமதிக்கும் டெபிட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டால் போதும்.