நாணமா, அடக்கமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வரன் பேசும்போது "அடக்க ஒடுக்கமான பொண்ணு" என்று இன்றும் சொல்கிறார்கள். மாப்பிள்ளையை அப்படிச் சொல்லிக் கேட்பது அபூர்வம். 'நாணம்' பேச்சிலிருந்து அநேகமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் வெட்கம் உட்கார்ந்துவிட்டது.

நாணுதல் என்றால் கூசுதல், கூசிப் பின்வாங்குதல். அச்சம், நாணம், மடம் மூன்றும் பெண்ணுக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். திருக்குறளின் 102ஆம் அதிகாரமான நாணுடைமை வேறு வழியில் போகிறது. தகாத செயலுக்குக் கூசுவதுதான் நாணம், பெண்களின் நாணம் வேறு வகை என்று முதல் குறளிலேயே பிரித்துவிடுகிறார் வள்ளுவர். அப்புறம் அது எல்லோருக்குமான குணம்தானே?

அடக்கம் 'அடங்கு' என்ற வினையிலிருந்து வருவது. உள்ளே கொள்வது, மீறாமல் இருப்பது. கடைவீதியில் சொல்லும் 'அடக்க விலை'யிலும் இதே சொல்தான்: செலவெல்லாம் உள்ளடங்கிய விலை. 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. அதில் 'யாகாவாராயினும் நாகாக்க' உட்பட மூன்று குறள்கள் நாவடக்கத்தையே பேசுகின்றன. குனிந்த தலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தன் நிலையில் மாறாமல் அடங்கியவனின் தோற்றம் மலையைவிடப் பெரிது என்கிறது 124ஆம் குறள். ஏற்காட்டில் 5,000 அடிக்கு மேல் நிற்கும் சேர்வராயன் மலையை அண்ணாந்து பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த அளவு சட்டென்று புரியும்.

இரண்டில் எனக்குப் பிடித்தது அடக்கம்தான். நாணம் தவறு செய்யவிடாமல் தடுக்கும், சரி. ஆனால் கோபம் வரும்போது நாக்கைப் பிடிப்பது அடக்கம். வரன் பார்க்கிறவர்கள் அதை மாப்பிள்ளையிடமும் விசாரிக்கட்டும்.