கேம்பிரிட்ஜ் ஐஇஎல்டிஎஸ் மாதிரித் தேர்வு நூல்கள்: ரீடிங்குக்கு முழுசாக, ரைட்டிங்குக்குப் பாதி

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கையில் கொடுக்கும் நூல் வரிசை இதுதான். 1996-இல் முதல் பாகம் வந்தது. 2025-இல் 20-ஆம் பாகம் வெளியானது. ஒவ்வொரு பாகத்திலும் நான்கு முழுத் தேர்வுகள் இருக்கும். லிசனிங், ஸ்பீக்கிங் பகுதிகளை விட்டுவிட்டு, ரீடிங்குக்கும் ரைட்டிங்குக்கும் இந்த நூல்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரீடிங் பயிற்சிக்கு இதற்கு நிகராக இன்னொன்றைப் பரிந்துரைக்க முடியாது. ரைட்டிங்கில் பாதி வேலையைத்தான் இது செய்யும். மீதியை நீங்கள் செய்தாக வேண்டும். உங்கள் நிலை என்ன என்று இந்த நூல் காட்டும். அங்கிருந்து எப்படி ஏறுவது என்று சொல்லித்தராது. இது தெரியாமல் வாங்குகிறவர்கள் ஐந்தாறு பாகங்களை வரிசையாகப் போட்டு முடித்தும் அதே மதிப்பெண்ணில் நிற்கிறார்கள்.

ரீடிங் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால், தேர்வைத் தயாரிக்கும் தரப்பே நூலையும் தயாரிக்கிறது. உயர்கல்விக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் வகையின் ரீடிங்கில் மூன்று பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். மூன்று பாசேஜும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை வரும். இந்த நீளத்தைப் போலியாக உருவாக்குவது எளிது. கேள்விக்குள் வைக்கும் பொறியை அப்படி உருவாக்க முடியாது, முக்கியமாக ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ (பாசேஜின்படி சரி, தவறு, பாசேஜில் சொல்லவில்லை) வகையில். கண்ட இடத்தில் கிடைக்கும் மாதிரித் தாள்களில் ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் நடுவில் கோடு கலங்கலாக இருக்கும். அதில் பழகினால் தேர்வு அறையில் கை தவறும்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். பாசேஜில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “ஏரியில் மீன்வரத்து குறைந்ததும் மீனவர்களில் சிலர் விவசாயத்துக்கு மாறினர், மற்றவர்கள் தொடர்ந்து வலை வீசினர்.” கேள்வி: “எல்லா மீனவர்களும் தொழிலை விட்டனர்.” இது ஃபால்ஸ், ஏனென்றால் பாசேஜ் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. அடுத்த கேள்வி: “மீன்வரத்து குறைந்ததற்கு நீர் மாசுபட்டதே காரணம்.” இது நாட் கிவன். மீன் குறைந்தது என்ற செய்தி உண்டு, காரணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏரி மாசுபட்டால் மீன் குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை. அந்தப் பொது அறிவுதான் இங்கே மதிப்பெண்ணைத் தின்கிறது. “இந்த வாக்கியம் பொய் என்று நிரூபிக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். முடிந்தால் ஃபால்ஸ். முடியாவிட்டால், சரி என்று காட்டும் வரியும் கிடைக்காதபோது, நாட் கிவன்.

நூலின் பெரிய குறை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. கடைசிப் பக்கங்களில் உள்ள விடைப்பட்டியலில் ‘ஃபால்ஸ்’ என்று மட்டும் இருக்கும். ஏன், எந்த வரி என்ற விளக்கம் அச்சில் கிடையாது. பிந்தைய பாகங்களோடு ஓர் இணைய வளப்பகுதி வருகிறது. அதில் கூடுதல் விளக்கங்கள் உண்டு. அதைத் திறந்து பார்க்காமலே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் அந்த விளக்கத்துக்குப் போகும் முன் நீங்களே தேடுவதில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது.

அதற்கு ஒரு முறை உண்டு. முதல் சுற்றில் 60 நிமிடம் கடிகாரம் வைத்து, நூலின் பின்னால் உள்ள விடைத்தாளைப் பிரதி எடுத்து அதிலேயே எழுதுங்கள். காகிதத் தேர்வில் ரீடிங் விடைகளை மாற்றி எழுதத் தனி நேரம் தரமாட்டார்கள், அந்த 60 நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். நேரம் முடிந்ததும் விடையைப் பார்க்காதீர்கள். வேறு நிறப் பேனா எடுத்து, கடிகாரம் இல்லாமல் சந்தேகமான கேள்விகளை மறுபடி செய்யுங்கள். அதன் பிறகு திருத்துங்கள். முதல் சுற்றில் தவறி, இரண்டாம் சுற்றில் சரியானவை வேகத்தின் குறை. இரண்டிலும் தவறியவை புரிதலின் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு. வேகம் போதாதவர் நாளெல்லாம் சொற்களை மனப்பாடம் செய்தால் பலன் கிடைக்காது.

இரண்டாம் வகைத் தவறுகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். சொல் தெரியவில்லை, இடம் கிடைக்கவில்லை, எழுதாததை ஊகித்தேன், சொல் வரம்பை மீறினேன் என்று நாலு தலைப்பு போதும். கடைசித் தலைப்பில் விழும் மதிப்பெண்தான் வயிற்றெரிச்சல். இரண்டு சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது என்று கேள்வி சொல்லும்போது ‘தி ரிவர் பேங்க்’ என்று எழுதினால் மூன்று சொல். விடை தெரிந்தும் மதிப்பெண் இல்லை. ‘ரிவர் பேங்க்’ போதும். ஹைஃபன் போட்ட சொல் ஒன்றாகவே எண்ணப்படும். எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் போச்சு, பன்மைக்குரிய எஸ் விட்டுப்போனாலும் அதே கதி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

நேரத்தை 20, 20, 20 என்று பங்கிடுவது வழக்கம். மூன்றாவது பாசேஜ் பெரும்பாலும் கனமாக இருப்பதால் 17, 20, 23 என்று வைப்பது நல்லது. ட்ரூ ஃபால்ஸ் வகையும் வாக்கியத்தை நிரப்பும் வகையும் பாசேஜ் போகும் வரிசையிலேயே வரும். எந்தப் பத்தியில் எந்தத் தகவல் என்று பொருத்தும் வகை வரிசையில் வராது; அதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் அதற்குள் பாசேஜ் உங்களுக்குப் பழகியிருக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் விடைப்பட்டியலின் அடியில் மூன்று கட்டமாக ஒரு பொதுக் குறிப்புதான் இருக்கும், பேண்ட் (0 முதல் 9 வரையான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்) இருக்காது. தேர்வு நடத்துவோர் தரும் சராசரிக் கணக்கில் அகாடமிக் ரீடிங்கில் 23 சரியானால் 6, 30-க்கு 7, 35-க்கு 8. வேலை, குடியேற்றத்துக்காக எழுதும் ஜெனரல் ட்ரெயினிங்கில் அதே 30-க்கு 6தான்.

இனி ரைட்டிங். ஒரு பாகத்தில் நாலு டாஸ்க் 1 (அகாடமிக்கில் வரைபடம் போன்றவற்றை விவரிப்பது), நாலு டாஸ்க் 2 (கட்டுரை). கேள்விகள் தரமானவை, அதில் குறையே இல்லை. சிக்கல் பின்னால் உள்ள மாதிரி விடைகளில். அவற்றில் பல, உண்மையான தேர்வர்கள் எழுதியவை. மேலே பேண்ட் போட்டு, தேர்வாளர் கருத்தும் தந்திருப்பார்கள். அதைப் படிக்காமல், நூலில் அச்சாகியிருக்கிறதே என்று 5 பேண்ட் விடையை மனப்பாடம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்! மனப்பாடத்தைத் தேர்வாளர் கண்டுபிடித்தால் மதிப்பெண் விழும் என்பது ஒருபுறம். பிழையுள்ள வாக்கியங்களையே பழகிக்கொள்வது அதைவிட மோசம்.

ஆனால் அந்த விடைகள்தான் இந்த நூலின் புதையலும். பேண்டையும் கருத்தையும் ஒரு தாளால் மூடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரப்பூர்வ மதிப்பீட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, நாலு அளவுகோலுக்கும் நீங்களே மதிப்பெண் போடுங்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னது, கோர்வை, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. பிறகு தாளை எடுத்து ஒப்பிடுங்கள். ஆரம்பத்தில் எல்லோருமே இலக்கணத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். தேர்வாளர் கருத்தோ பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றியே பேசும். அந்த இடைவெளி குறையக் குறைய உங்கள் சொந்த எழுத்தின் ஓட்டையும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

டாஸ்க் 1-இல் அந்த ஓட்டை பெரும்பாலும் ஒன்றுதான்: ஓவர்வியூ. 1990 முதல் 2020 வரை நாலு எரிபொருள்களின் பயன்பாட்டைக் காட்டும் கோட்டுப்படம் என்று வையுங்கள். “1990-இல் நிலக்கரி 40 சதவீதம், 2000-இல் 35, 2010-இல் 28...” என்று படிக்கட்டு இறங்குவது விவரம். “நிலக்கரி தொடர்ந்து சரிந்தது, காற்றாலை ஏறியது, இறுதியில் காற்றாலை முந்தியது, மற்ற இரண்டும் பெரிதாக மாறவில்லை” என்பது ஓவர்வியூ. அதில் எண் வேண்டாம். 7 பேண்டுக்குத் தெளிவான ஓவர்வியூ அவசியம். அறிமுக வரிக்கு அடுத்தே அதை எழுதிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் நேரம் போய் விட்டுப்போகும்.

டாஸ்க் 2-க்கு இரு மடங்கு எடை. 60 நிமிடத்தில் 40 அதற்கு, 20 டாஸ்க் 1-க்கு. குறைந்தது 250 சொல் என்பதால் 270, 280 வரை எழுதினால் போதும்; 350 எழுதுகிறவர் பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறார். இரு தரப்பையும் அலசி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அதில் மூன்று வேலை இருக்கிறது. ஒரு தரப்புக்கு இரண்டு பத்தி, மறு தரப்புக்கு ஒரே வரி, கருத்து முடிவுரையில் மட்டும் என்பது மிகவும் பார்க்கும் பிழை. எழுதும் முன் ஐந்து நிமிடம் திட்டமிட்டாலே இது வராது.

உங்கள் கட்டுரையை யார் திருத்துவது என்பதற்கு நூலில் பதில் இல்லை. தானியங்கி இலக்கணத் திருத்திகள் பிழையைக் காட்டும். கேள்விக்கு நேராகப் பதில் சொன்னீர்களா என்பதற்கு அவற்றை நம்ப முடியாது. மதிப்பீட்டு அட்டவணையை வைத்துத் திருத்தக்கூடிய ஆசிரியர் ஒருவரிடம் நாலைந்து கட்டுரைகளையாவது காட்டுங்கள். திருத்தி வந்ததை அப்படியே மூடி வைக்காமல் அதே கேள்விக்கு முழுதாக மறுபடி எழுதுங்கள். புதுக் கேள்வி பத்து எழுதுவதைவிட இது அதிகம் தரும்.

கணினியில் தேர்வு எழுதுகிறவர்கள் ரைட்டிங் பயிற்சியைத் தட்டச்சிலேயே செய்யுங்கள், எழுத்துப்பிழைத் திருத்தியை அணைத்துவிட்டு. தேர்வுத் திரையில் சொல் எண்ணிக்கை தெரியும், பிழைத் திருத்தி இருக்காது. ரீடிங்கில் பாசேஜ் ஒரு பக்கமும் கேள்வி மறு பக்கமும் இருக்கும். அந்த அமைப்புக்கு நூல் பழக்காது, அதிகாரப்பூர்வ இலவச மாதிரித் திரையில் ஓரிரு முறை செய்து பாருங்கள்.

வாங்கும்போது அட்டையை இரண்டு தரம் பாருங்கள். பழைய பாகங்களில் அகாடமிக்கும் ஜெனரல் ட்ரெயினிங்கும் ஒரே நூலில் இருந்தன, இப்போது தனித்தனி. ஜெனரலில் டாஸ்க் 1 கடிதம், ரீடிங் தாளும் வேறு, மாற்றி வாங்கினால் பாதி வீண். விடைகளோடு வரும் பதிப்பா என்றும் பாருங்கள். பழைய நூல் வாங்கினால் இணையக் குறியீடு ஏற்கெனவே பயன்பட்டிருக்கலாம். நகலெடுத்த பிரதியில் டாஸ்க் 1 வரைபடங்களின் சாம்பல் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து எது எந்தக் கோடு என்றே தெரியாது. சமீபத்திய பாகங்களில் மூன்று போதும்: 12 ரீடிங் தாள், 24 ரைட்டிங் கேள்வி. கடைசி இரண்டு தேர்வுகளைத் தொடாமல் வைத்திருந்து, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் முழு நேரக் கணக்கில் எழுதுங்கள்.