பஞ்சிகாவத்தைப் பட்டறையில் பழைய கோடரிக்குப் புதுக் காம்பு

காம்பு செதுக்கிய கைக்குப் பத்துக்கு ஒன்பது. இரும்பு வேலைக்கு ஏழு. தலை கழலாமல் இறுக்கக் காம்பின் உச்சியில் ஆப்பு அடித்த விதத்துக்கு நாலுக்கு மேல் போட மனம் வரவில்லை. கோடரி ஒன்று உயிரை வாங்குவதும் அந்த ஆப்பில்தான் என்பதால் அந்த நாலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில், தகரக் கூரைக்குக் கீழ் நடக்கும் வேலை இது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய இரும்போடு வரும் கோடரித் தலைகளை விற்கிறார்கள். நாம் கொண்டுபோகும் தலையையும் துலக்கிக் காம்பு போட்டுத் தருகிறார்கள். இந்த மதிப்பீடு இரண்டு துண்டுகளைப் பற்றியது: எல்வெல் முத்திரையுள்ள 3½ இறாத்தல் தலை ஒன்று, முத்திரை தேய்ந்துபோன 1½ இறாத்தல் கைக்கோடரி ஒன்று. வேலை வாங்கியது றப்பர் விறகு பிளக்க.

முதலில் தலை. எல்வெல், இங்கிலாந்தின் வெட்னஸ்பரியில் 1817 இல் தொடங்கிய பட்டறை. இந்த மாதிரிப் பழைய தலைகளுக்கு மவுசு வருவது வயதால் அல்ல. அந்தக் காலத்துத் தலைகளில் பலவற்றுக்கு உடம்பு மெல்லிரும்பு. வெட்டுவாயில் மட்டும் உருக்குத் துண்டை வைத்துக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். உடம்பு அதிர்ச்சியைத் தாங்கும், வாய் கூரைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அந்த உருக்கு அளவோடுதான் இருக்கும். ஐம்பது வருடம் தீட்டித் தீட்டித் தேய்ந்த தலையில் உருக்கு முழுவதும் போய், மிஞ்சியிருப்பது வெறும் இரும்பாகவே இருக்கலாம். கடையில் நின்றபடி பார்க்க ஓர் அரம் போதும். வெட்டுவாயின் ஓரத்தில் அரத்தை லேசாக ஓட்டினால் வழுக்கி, மெல்லிய பல்லிழுப்போடு போக வேண்டும். வெண்ணெயில் இறங்குவது போல் கடித்தால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணின், அதாவது தலையில் காம்பு நுழையும் துளையின், இரண்டு மூலைகளையும் நகத்தால் தடவிப் பாருங்கள். மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தால் அந்தத் தலை சுவரில் மாட்டத்தான் உதவும். முதுகுப் பக்கம் சம்மட்டி அடி வாங்கி காளான் போல் மடிந்திருப்பது அவ்வளவு பெரிய குற்றமில்லை, அரத்தால் எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால்தான் ஒரு நாள் சிதறிக் கண்ணில் பாயும்.

கறள் எடுப்பதில் பட்டறையின் வழக்கம் கிரைண்டரில் கம்பித் தூரிகை. பத்து நிமிடத்தில் பளபளவென்று வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஆழமில்லாத முத்திரையும் அதோடு போய்விடும், பழைய இரும்பின் கறுத்த மேல்தோலும் போய்விடும். அந்தத் தோல் உரிந்த இரும்பு கொழும்புக் காற்றில், அதுவும் வெள்ளவத்தை, முகத்துவாரம் மாதிரிக் கடலோரத்தில், இரண்டே நாளில் செம்மண் நிறத்துக்குப் போகும். எல்வெல் தலையை வினாகிரியில் போடச் சொல்லிக் கேட்டோம், மறுக்காமல் செய்தார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வினாகிரி, தலை மூழ்கும் அளவு, ஓர் இரவு. காலையில் எடுத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, உடனே துடைத்து மெஷின் எண்ணெய் பூச வேண்டும். இந்த "உடனே" முக்கியம். தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி கறள் ஏறியிருக்கும்.

வினாகிரி இன்னொரு வேலையும் செய்கிறது. ஊறி வந்த தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வெட்டுவாயிலிருந்து உள்ளே ஒரு நிழல் தெரியும். பதம், அதாவது காய்ச்சிக் கொடுத்த கடினம், ஏறிய உருக்கு கறுப்பாகவும் மெல்லிரும்பு வெளிறிய சாம்பலாகவும் பிரியும். நடுவில் அலை மாதிரி ஒரு கோடு. எல்வெல் தலையில் அந்தக் கோடு கூரிலிருந்து 30 மி.மீ உள்ளே நின்றது. இன்னும் பல வருடம் தீட்ட இடம் இருக்கிறது என்று பொருள்.

கூர் எடுத்த விதத்தில் மூன்று மதிப்பெண் போனது கைக்கோடரியால். அதன் கீழ் மூலையில் நகத்தளவு நீலம். கிரைண்டரை ஒரே இடத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். இரும்பு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். நீலம் கண்டால் 300 பாகை செல்சியசுக்குப் பக்கத்தில் போயிருக்கிறது, அந்த இடத்தின் பதம் இறங்கிவிட்டது. அங்கே அரம் இலகுவாகக் கடிக்கும், முடிச்சு விழுந்த விறகில் இரண்டு வெட்டுக்குள் கூர் மடியும். நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து மறைத்தால் நிறம்தான் போகும், பதம் வராது. அந்தப் பகுதி முழுவதையும் அரத்தால் தேய்த்துப் பின்னால் கொண்டுபோவதே வழி. ஆகவே வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: வெட்டுவாய்க்குக் கிரைண்டர் வேண்டாம், 10 அங்குலத் தட்டை அரம், பிறகு எண்ணெய்க்கல். கூலி கொஞ்சம் கூடும். கூடட்டும். மரம் வெட்டும் கோடரிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 25 முதல் 30 பாகை, பிளக்கும் கோடரிக்கு 35 வரை. இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கேட்காமலே பிளப்பதற்கா வெட்டுவதற்கா என்று விசாரித்தார்கள்.

இனிக் காம்பு. தமிழில் கோடரிக்காம்பு என்பது வசை. இனத்தைச் சேர்ந்த மரமே இனத்தை வெட்டத் துணைபோகிறது என்ற கோபம். கருங்காலியும் வசைதான். கருங்காலியில் கோடரிக்காம்பு போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்களாம். பார்க்க அழகு, ஆனால் விறைத்த மரம், வளைந்து கொடுக்காது, குத்தான அடிக்கு வெடிக்கும். இரண்டு வசையையும் ஒன்றாகக் கையில் பிடிப்பதைவிட வேறு லாபமில்லை.

பட்டறையில் காட்டிய மரங்கள் மூன்று: ஹல்மில்ல, மில்ல, மகோகனி. தமிழில் சாவண்டலை என்றாலும் கொழும்பு மரக்காலையில் ஹல்மில்ல என்று கேட்டால்தான் கை நீளும். வெள்ளைக்காரர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்து, எண்ணெய்ப் பீப்பாய்க்கும் சென்னைக் கரையின் மசூலாப் படகுக்கும் கொண்டுபோனது இதைத்தான். நார் நேராக ஓடும், வளைந்து திரும்பும், கையில் சிலாம்பு ஏறுவது குறைவு. மேல்நாட்டில் ஹிக்கரியும் ஆஷும் செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது. மில்ல உறுதியில் குறைந்ததல்ல, ஆனால் நார் பின்னாமல் நேராகப் போகும் துண்டைத் தேடி எடுக்க வேண்டும். மகோகனியைக் காட்டியதே தவறு. கதவுக்கு நல்ல மரம். கோடரிக்கு அல்ல, கழுத்தில் குறுக்கே ஒடியும். பாலையைச் சிலர் கேட்கிறார்கள். தண்ணீரில் தாழும் கனம். நாள் முழுக்க ஓங்கினால் தோள் சொல்லும்.

மரத்தின் பெயரைவிட நார் போகும் திசை பெரிது. நம் நாட்டு மரத்தில் வருட வளையம் தெளிவாகத் தெரியாது. அதனால் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடுகளைப் பின்தொடர வேண்டும். கழுத்தில் தொடங்கும் கோடு அடிக்குமிழ் வரை போனால் தங்கம். நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்தக் காம்பு அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இந்தப் பட்டறையின் கெட்டித்தனம் இங்கே தெரிகிறது: துண்டை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து எடுக்கிறார்கள். பிளந்த மரம் நாரோடு போகும், பொய் சொல்லாது. புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் கட்டுக்கட்டாக நிற்கும் வார்னிஷ் அடித்த காம்புகளில் இதைப் பார்க்கவே முடியாது. வார்னிஷ் நாரை மறைக்கும், வியர்வைக் கையில் கொப்புளமும் போடும்.

எல்வெல்லுக்கு 30 அங்குலம், கைக்கோடரிக்கு 15 அங்குலம். பிடியில் நீள்வட்டம், 24 மி.மீ × 34 மி.மீ. பருமனான காம்பு பலம் என்று நினைப்பவர்கள் உண்டு. பருமனான காம்பு வளையாது. அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கு வரும். மர அரத்தால் உருவம் எடுத்து, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டியிருக்கிறார்கள். சில்லின் விளிம்பு படும் இடத்தில் மரம் தூளாக விழாமல் வெங்காயத் தோல் மாதிரிச் சுருண்டு வரும். 180 உப்புத்தாள் போட்டதைவிட வழுவழுப்பு, ஆனால் வழுக்கவில்லை. ஒற்றைக் கண்ணை மூடி அடிக்குமிழிலிருந்து பார்த்தால் கூர் காம்பின் நடுவில் விழுகிறது. மேசையில் கிடத்தினால் குமிழும் வெட்டுவாயின் நடுப்பகுதியும் தொடுகின்றன. ஒன்பது கொடுத்தது இதற்குத்தான்.

அப்படிப்பட்ட காம்பை ஆப்பில் கெடுத்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்று கிழமை விறகு பிளந்ததும் எல்வெல் தலை 3 மி.மீ மேலே நகர்ந்திருந்தது. கழற்றிப் பார்த்ததில் காரணம் மூன்று. கண்ணின் உயரம் 65 மி.மீ, காம்பின் உச்சியில் ஆப்புக்காகப் போட்ட வாள்வெட்டு 45 மி.மீ அளவுக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்காவது, இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 25 தான். ஆப்பு மேல் வாயில் மட்டும் மரத்தை விரித்ததே தவிர, கண்ணின் இடுப்புக்கு எட்டவில்லை. இரண்டாவது, ஆப்பு குட்டையும் மொட்டையுமாக இருந்தது, அகலமும் கண்ணின் நீளத்துக்குக் குறைவு. மூன்றாவது, இறுகாததைச் சமாளிக்க இரண்டு கம்பி ஆணி. ஆணி மரத்தை விரிக்காது, துளைக்கும். ஈரக்காற்றில் கறள் ஏறி, சுற்றியுள்ள நாரையும் கறுக்க வைக்கும்.

சரியான ஆப்பு இந்தத் தலைக்கு 55 மி.மீ நீளம், நுனியில் 1.5 மி.மீ, அடியில் 8 மி.மீ, அகலம் கண்ணின் முழு நீளம். கோடரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பிடித்து, காம்பின் அடியை மரச்சுத்தியலால் தட்டினால் தலை தானாகவே காம்பில் ஏறும். தலையை அடிக்கத் தேவையில்லை. காம்பு கண்ணுக்கு வெளியே 5 மி.மீ நீட்டி நிற்க வேண்டும். ஆப்பு விரிக்கும்போது அந்த 5 மி.மீ பூவாய் மலர்ந்து தலையைப் பிடித்துக்கொள்ளும். பலர் அதை வழித்து அறுத்துவிடுகிறார்கள், பார்வைக்காக. பசை வேண்டாம். பிறகு காம்பு மாற்றும்போது சாபம் வாங்கும்.

வேலை கொடுத்த அன்றே கேட்டோம்: "நானா, மரம் காஞ்சதா?"

"காஞ்ச மரம்தான் தம்பி. ஆடினா ஒரு இரவு தண்ணியில போட்டு வைங்க, இறுகிரும்."

இறுகும். இரண்டு நாளைக்கு. ஊறிய மரம் இரும்புக்குள் விரிய இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்பைவிடச் சிறிதாகச் சுருங்கும். ஆட்டம் கூடும், மறுபடி தண்ணீர், மறுபடி ஆட்டம். கொழும்பின் ஈரப்பதத்தில், நிழலில் நன்றாகக் காய்ந்த மரம் 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்குமேல் ஈரம் உள்ள மரத்தில் எந்த ஆப்பும் நிலைக்காது. ஈரமானி இல்லாத இடத்தில் சமையலறைத் தராசு போதும்: செதுக்காத துண்டை நிறுத்துக் குறித்து, ஒரு கிழமை கழித்து மறுபடி நிறுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் பச்சை. இரண்டு முறை ஒரே எடை காட்டிய பிறகுதான் உளி வைக்க வேண்டும். துண்டைத் தெரிந்தெடுத்து, முன்பணம் கொடுத்து, அங்கேயே இரண்டு மாதம் காயவிடச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள்.

குறையைக் கொண்டுபோய்க் காட்டியபோது முகம் சுளிக்கவில்லை. ஆணிகளைப் பிடுங்கி, வெட்டை 45 மி.மீ வரை ஆழமாக்கி, சொன்ன அளவில் காய்ந்த தேக்கில் புது ஆப்பு அடித்துக் கொடுத்தார்கள், காசில்லாமல். அதன் பிறகு தலை நகரவில்லை. அளவு சொன்னால் அளவுப்படி செய்கிறார்கள். சொல்லாவிட்டால் ஆணி வருகிறது. கைக்கோடரியின் ஆப்பு ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் நிற்கிறது, அதில் விழும் அடி குறைவு.

கூலி, பழைய தலையின் விலையைப்போல் இரண்டு மடங்கு வரும். காம்பைப் பார்த்தால் நியாயம். சொன்ன நாள் பத்து, எடுத்த நாள் பத்தொன்பது.

எண்ணெய் பூசாமலே தருகிறார்கள், அது நல்லதே. லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள்: முதல் கிழமை நாளுக்கு ஒரு தடவை, முதல் மாதம் கிழமைக்கு ஒரு தடவை. ஆப்பு இருக்கும் உச்சிக்கு இரண்டு மடங்கு, ஈரம் ஏறும் வாசல் அது. தேங்காய் எண்ணெய் வேண்டாம்; அது காயவே காயாது, பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். லின்சீட் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.

பழைய காம்பு கண்ணுக்குள் ஒடிந்து இருக்கும் தலை கையில் இருந்தால் அப்படியே கொண்டுபோங்கள். அடுப்பில் போட்டு எரித்து எடுத்தால் பதமும் சேர்ந்து எரியும். இங்கே துளை போட்டுத் தட்டி எடுக்கிறார்கள், அந்த வேலைக்குத் தனிக் கூலி கேட்பதில்லை.