முதல் கையடக்க கேம்: பிரிக் கேமா, ஸ்விட்ச் லைட்டா?

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு எதை வாங்குவது என்று குழம்புபவர்களுக்காக.

விலை: மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் சின்னக் கருவியான பிரிக் கேம் மிக மலிவு. நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் பல மடங்கு அதிகம். விளையாட்டுகளுக்கும் தனியாகச் செலவாகும்.

உழைப்பு: பிரிக் கேம் கீழே விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை. 2019இல் வந்த லைட்டில் கன்ட்ரோலர்கள் கழன்று வராது, அது நல்லது, 5.5 அங்குலத் திரைதான் கவலை.

எளிமை: இங்கே பிரிக் கேமுக்குப் போட்டியே இல்லை. சுவிட்சைப் போட்டால் கட்டங்கள் விழ ஆரம்பிக்கும். லைட்டில் மெனு, அப்டேட், படிக்க வேண்டிய வரிகள். பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும். ஆனால் விளையாடும் நேரத்துக்கு வரம்பு வைக்க செயலி உண்டு.

பாதுகாப்பு: பட்டன் பேட்டரி போடும் மாடலைத் தொடவே வேண்டாம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பென்சில் பேட்டரி, திருகு போட்ட மூடி என்றால் சரி. ஸ்விட்சின் குட்டி கேம் கார்டில் வேண்டுமென்றே கசப்புப் பூசியிருப்பார்கள். குழந்தைகள் வாயில் வைத்தால் உடனே துப்பிவிடுவார்கள். (பெரியவர்களும் நக்கிப் பார்க்கிறார்கள்!)

எழுத்துக் கூட்டிப் படிக்காத பிள்ளைக்கு பிரிக் கேம். படிக்கத் தெரிந்து, அண்ணனோ அக்காவோ கூட விளையாடும் வீடென்றால் லைட்.